அத்தான் காணாத வெளிச்சம்

"2003 நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் 4.40. ஒஸ்லோ, ட்வெய்ட்டா, ஒன்பதாம் மாடி பல்கனி. கிழக்கே காட்டுக்கு மேல் ஒரு வெளிச்சம். வெள்ளை, ஓரம் மஞ்சள். சத்தம் இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாம் சுற்றுக்கு முன் அணைந்தது. மொத்தம் ஏழு நிமிடம்."

நோர்வே பாதுகாப்புப் படையினரின் அலுவலகம் ஒன்றுக்கு 2003 டிசம்பர் 3ஆம் திகதி நான் அனுப்பிய கடிதத்தின் முதற் பந்தி இது. அனுப்பியது நோர்வேஜிய மொழியில். இங்கே தந்திருப்பது மூலம், கண்டவர் எழுதியதை நான் அன்றே பார்த்துப் பிரதி செய்து வைத்தபடி. கண்டவர் என் அக்காவின் கணவர், அத்தான். அந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. ஆறு வருடமாக இதை எழுத முயன்று ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் நின்றுபோயிருக்கிறேன்.

நான் எதற்கும் திகதி போட்டு வைப்பவன். ஒஸ்லோவில் தமிழர் முதன்முதலாகத் தைப்பொங்கல் பொங்கிய வருடம், எந்த மண்டபம், வாசலில் எவ்வளவு பனி என்றெல்லாம் என்னிடம் குறிப்பு உண்டு. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடிந்தால் நூலகத்துக்குப் போவேன். கிடைத்ததையெல்லாம் படிப்பேன். அந்த வருடம் நான் படித்துக்கொண்டிருந்தது 1946ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றி. ஜேர்மனியர் தோற்றுப் போய் ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. சுவீடனிலும் நோர்வேயிலும் ஆட்கள் வானத்தில் நெருப்பு வாலோடு எதுவோ போவதைக் கண்டதாகச் சொல்லத் தொடங்கினார்கள். பேய் ரொக்கெட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜேர்மனியர் விட்டுப்போன ரொக்கெட்டுகளை சோவியத் யூனியன் ஏவிப் பார்க்கிறதோ என்பது இராணுவங்களின் பயம். சுவீடன் இராணுவம் கண்டவர்களை விசாரித்து அறிக்கை சேர்த்தது. எதுவோ விழுந்ததாகச் சொல்லப்பட்ட ஏரி ஒன்றின் அடிச்சேற்றைக்கூடத் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. எந்த இடத்தில் கண்டார்கள் என்று எழுத வேண்டாம் என்று பத்திரிகைகள் கேட்டுக்கொள்ளப்பட்டன. கடைசியில், பெரும்பாலானவை எரிகற்கள் என்றார்கள். சிலவற்றுக்கு விளக்கம் இல்லை. பிறகு 1948இலிருந்து 1969வரை அமெரிக்க விமானப்படையினரும் இதே வேலையைப் பல பெயர்களில் செய்தார்கள்.

இந்த வரலாற்றில் என்னை ஈர்த்தது வெளிச்சங்கள் அல்ல, கேள்விகள். நீங்கள் எங்கே நின்றீர்கள்? எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? கையை நீட்டி ஒரு நாணயத்தைப் பிடித்தால் அந்தப் பொருள் அதைவிடப் பெரிதா, சிறிதா? சீருடை போட்ட ஒருவன் ஒரு மரம்வெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அவன் சொல்வதைப் பொறுமையாக எழுதிக்கொள்வதை நான் கற்பனை செய்துபார்ப்பேன். கேட்பதற்கென்று வரும் ஓர் இராணுவம்! நான் ஊரை விட்டு வந்தது 1986இல். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த இராணுவங்கள் எப்படிக் கேள்வி கேட்டன என்பதை நான் கேள்விப்பட்டது மட்டுந்தான்.

அத்தானுக்கு அது கேள்வி ஞானம் அல்ல. அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர். தொண்ணூறுகளில் விமானக் குண்டுவீச்சு தொடங்கியபோது, சத்தத்தை வைத்து விமானத்தைச் சொல்லக்கூடியவர் அங்கே அவர்தான். ஹெலியா, பொம்பரா, பீப்பாயில் குண்டு நிரப்பித் தள்ளிவிடும் சகடையா என்று மற்றவர்களின் காதுக்கு எட்டு முன்னமே சொல்லிவிடுவாராம். பள்ளிக்கூட அதிபர் அவரை மொட்டைமாடியில் நிறுத்தினார். வேலை இதுதான்: விமானம் எந்தப் பக்கத்தால் வருகிறது, எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று பார்ப்பது, இரண்டாம் சுற்றில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பது, பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்குவது. குண்டு மூன்றாம் சுற்றில்தான் விழும் என்பது அவர் கண்டுபிடித்த கணக்கு. அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, நேரம், திசை, சுற்று என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினார். ஐந்து வருடம் எழுதினார்.

ஊர் இராணுவத்தின் கைக்குப் போனபின், 1996இல், ஒரு சுற்றிவளைப்பில் ஆட்களைக் காட்டிக்கொடுக்க முகமூடி போட்டு நிறுத்திய தலையாட்டி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். விமானங்களைக் குறித்து இயக்கத்துக்குக் கொடுத்தவர் என்பது குற்றச்சாட்டு. கொப்பி எங்கே என்று கேட்டுப் பதினொரு மாதம் வைத்திருந்தார்கள். அவர் சொன்ன பதில் கடைசிவரை ஒன்றுதான்: "நான் ஒண்டும் காணேல்லை." கொப்பி அப்போது அக்காவின் அரிசிப் பானைக்குள் இருந்தது.

2001இல் அவர் ஒஸ்லோவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். வந்த அன்றே கேட்டார்.

"தம்பி, இந்தக் கட்டடத்திலை பங்கர் எங்கை?"

என் மனைவி சிரித்தாள். "அண்ணை, இது நோர்வே. இஞ்சை பனிதான் விழும்."

ஆனால் பங்கர் இருந்தது. இந்த நாட்டில் இப்படியான பழைய மாடிக் கட்டடங்கள் பலவற்றின் அடியில் வான்தாக்குதலுக்குப் பதுங்கும் அறை உண்டு. எங்களுடையதில் இரும்புக் கதவுக்குப் பின்னால் சைக்கிள்களையும் பனிச்சறுக்குத் தடிகளையும் போட்டு வைத்திருந்தார்கள். பதினைந்து வருடம் அங்கே குடியிருந்த நான் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அவர் கதவைத் தட்டிப் பார்த்தார், தடிப்பைச் சாணால் அளந்தார், "பரவாயில்லை, நல்ல சாமான்," என்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் களை வந்தது.

2002இல் யுத்த நிறுத்தம் வந்தது. நோர்வேதான் நடுவில் நின்றது. நாங்கள் மண்டபம் பிடித்துக் கொண்டாடினோம். அடுத்த வருடம் அத்தானின் அகதி மனு நிராகரிக்கப்பட்டது. அங்கே இப்போது நிலைமை மாறிவிட்டது என்பது ஒரு காரணம், அவர் சொன்ன கதையை நம்ப ஆதாரம் இல்லை என்பது மற்றது. மேன்முறையீட்டுக்குப் பிடித்த வழக்கறிஞர், ஐம்பது வயதுள்ள ஒரு நோர்வேஜியப் பெண், ஒரே ஒரு விடயந்தான் கேட்டார்: கொப்பி இருக்கிறதா? இருந்தது. யுத்த நிறுத்தத்தில் பாதை திறந்தபின் ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் அக்கா அதை, என்னவென்று சொல்லாமல், ஒரு பொதிக்குள் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். வழக்கறிஞர் மகிழ்ந்துபோனார். ஜனவரி 21ஆம் திகதி சந்திப்புக்கு அதைக் கொண்டுவாருங்கள், பக்கம் பக்கமாக மொழிபெயர்ப்போம், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்றார். அந்தக் கொப்பியில்தான் அத்தான் இங்கே தங்குவதும், அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் வந்துசேர்வதும் தங்கியிருந்தது.

அதில் கடைசி முப்பது பக்கங்கள் வெறுமையாக இருந்தன. வெற்றுத் தாளை விட்டுவைக்க அவருக்கு மனம் வராது. பல்கனியில் நின்று, விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்களை அதே கோடு, அதே வரிசையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் பகிடி பண்ணுவேன். "அத்தான், இண்டைக்கு எத்தினை பொம்பர்?" "எல்லாம் சனம் ஏத்துற சாமான். ஆனா தம்பி, சனம் ஏத்துறதும் ஒருநாளைக்குச் சுத்தும்." அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார்.

நவம்பர் 25ஆம் திகதி நான் வேலையால் வரும்போது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சி ஓடியது. ஒருவரும் இல்லை. சோற்றை இறக்கிவிட்டு, அறை அறையாகக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கடைசியில் கீழே ஓடினேன். இரும்புக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். மகளின் சிரிப்புக் கேட்டது. அவளுக்கு அப்போது நாலு வயது.

கதவு திறந்தபோது மனைவி சைக்கிள்களுக்கிடையில் நிலத்தில் குந்தியிருந்தாள். கோபப்பட்டாளா, பயந்தாளா என்று அவளுக்கே தெரியாது. "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுறார். நான் பின்னாலை ஓடாமல் என்ன செய்யிறது?" மகள் ஒரு பனிச்சறுக்குத் தடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தான் சுவரோடு ஒட்டி நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் இல்லை தம்பி," என்றார். "சத்தம் இருந்தா நான் என்ன சாமான் எண்டு சொல்லுவன். இதுக்குச் சத்தமே இல்லை. ரெண்டு சுத்திப்போட்டு அணைஞ்சிட்டுது. மூண்டாவது வரேல்லை. ஏன் வரேல்லை?"

சத்தமில்லாத ஒன்று மூன்றாம் சுற்றுக்கு வராமல் போனதுதான் அவரைக் கலக்கியது. வந்திருந்தால் அவருக்குப் பழகிய பயம். அவர் அதையும் கொப்பியில் எழுதியிருந்தார். அன்றிரவு நான் அந்தப் பதிவைப் படித்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷந்தான் வந்தது. 1946இல் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருந்தது. இவ்வளவு துல்லியமான சாட்சி அவர்களுக்கு அகப்பட்டிருக்குமா? அவரை ஒருவரும் நம்பாத நாட்டில் இதை நம்பி எழுதிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்தேன். அவருடைய பெயர், பிறந்த திகதி, எங்கள் விலாசம், ஊரில் ஐந்து வருடம் பள்ளிக்கூட மாடியில் நின்று விமானம் குறித்தவர், அந்தக் கொப்பியை நான் கையில் வைத்துப் பார்த்தபடி இதை எழுதுகிறேன் என்பது உட்பட, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

பதில் 2004 ஜனவரி 15ஆம் திகதி, வியாழக்கிழமை வந்தது. அவருடைய பெயருக்கு. வீட்டில் அவர் மட்டும் இருந்தார்.

நான் வந்தபோது அவரைக் காணவில்லை, மேசையில் அது கிடந்தது. மேலே முடி சூடிய சிங்கமும் படையினரின் பெயரும். நன்றி தெரிவித்து நாலு வரி, அதோடு ஒரு படிவம். பக்கத்தில் என் அகராதி விரித்தபடி. படிவத்துச் சொற்களுக்கு மேலே பென்சிலால், சின்ன எழுத்தில், தமிழ் எழுதியிருந்தார். 'எங்கே நின்றீர்.' 'எதற்கு வெளியே நின்றீர்.' 'கூட இருந்தவர் பெயர்.' நாலாவது கேள்வி, கருவி ஏதும் வைத்திருந்தீரா என்பது. அந்தக் கேள்வியில் 'கருவி' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அர்த்தம் எழுதி, பென்சில் முனை ஒடிந்திருந்தது. நான் நூலகத்தில் இருந்து வியந்த அதே கேள்விகள்! அந்த மேசையில் வைத்துத் தமிழில் படித்தபோது அவை விசாரணைக் கேள்விகளாக இருந்தன.

குளியல் தொட்டியில் தண்ணீர் நீல நிறமாக நின்றது. குப்பை வாளிக்குள் சி.ஆர். கொப்பியின் இரண்டு தடித்த மட்டைகள், நனைந்து, தாள் ஒன்றும் இல்லாமல். ஊரில் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால் தாள்களை அப்படித்தான் அழிப்பார்களாம். எரித்தால் புகை வரும், மணக்கும். ஊறவைத்துப் பிசைந்து கக்கூசுக்குள் ஊற்றிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. மட்டைகளை நான் ஏன் எடுத்து வைக்கவில்லை என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். மனைவி அன்று மாலையே வாளியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள்.

மூன்று நாள் அவர் எங்கே என்று தெரியவில்லை. பொலிசுக்குச் சொல்லவும் பயம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரமான திராமனிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். அவர் அத்தானோடு படித்தவர், அத்தான் தன் வீட்டில் இருப்பதாகவும் யன்னலடிக்குப் போகிறாரில்லை என்றும் சொன்னார். ரயிலெடுத்துப் போனேன். திரைச்சீலை இழுத்த அறையில் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளும் அதைக் கழற்றவில்லை என்று நண்பர் சொன்னார்.

அவர் என்னை எப்போதும் 'நீர்' என்றுதான் கதைப்பார். அன்றைக்கு அப்படி இல்லை.

"ஆமிக்கு என்ரை பேரைக் குடுத்தது நீயோ?"

"அத்தான், இது அந்த ஆமி இல்லை. இவங்கள் சும்மா விபரம் சேக்கிறாங்கள்."

"விபரம் சேக்காத ஆமி எங்கையடா இருக்கு? பதினொரு மாசம், பதினொரு மாசம் ஒண்டும் காணேல்லை எண்டு சொன்னனான். ஒரு நகம் மிச்சம் இல்லாமல் சொன்னனான். நீ ஒரு முத்திரையை ஒட்டி, கண்டவர் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறாய்."

"நான் நன்மைக்கெண்டுதான்..."

"நன்மை! ஆருடைய நன்மைக்கு? என்னைக் கேட்டனியோ? ஒரு வார்த்தை கேட்டனியோ?"

கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை வைத்தார்: அவர் ஒன்றும் காணவில்லை என்று அந்த ஆமிக்கு நான் எழுத வேண்டும். அங்கேயே, அவர் கண்முன்னால். எழுதினேன். 'டிசம்பர் 3ஆம் திகதிய கடிதம் என் தவறு. குறிப்பிட்டவர் எதையும் காணவில்லை. அவரிடம் அப்படியான குறிப்பேடு எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பில் குழப்பம்.' கொப்பியைப் பற்றிய வரியைச் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். திங்கட்கிழமை காலை, 19ஆம் திகதி, வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டேன். அறிந்து நான் எழுதிய முதலாவது பொய்ப் பதிவு அது. அது தபாற்பெட்டிக்குள் விழுந்தபோது மனம் லேசானது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை வழக்கறிஞரிடம் போனோம். நான்தான் மொழிபெயர்த்தேன். கொப்பி இல்லை என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். நடந்ததைச் சொன்னேன். பிறகு அவர் முகம் மாறியது.

"அந்த முதற் கடிதம்! டிசம்பரில், இந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத அரச அலுவலகத்துக்கு, கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். திகதி இருக்கிறது, அவர்களுடைய பதிவு இலக்கம் இருக்கும். வழக்குக்காகச் சோடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. கொப்பி இருந்தது என்பதற்கு அது போதும். இன்றைக்கே கேட்டு எடுக்கிறேன்."

இரண்டாவது கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இரண்டும் ஒரே கோப்பில் இருக்கும். இரண்டிலும் உங்கள் கையெழுத்து. அவர்கள் என்னிடம் எது உண்மை என்று கேட்டால் நான் என்ன சொல்வது?"

அத்தான் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி சொல்லுறா?"

"பாப்பம் எண்டு சொல்லுறா, அத்தான்."

அவர் ஓமென்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

முடிவு மே மாதம் வந்தது. நிராகரிப்பு. 'குறிப்பேடு ஒன்று இருந்ததாகக் கூறப்படுவது நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு வரி அதில் இருந்தது. மேன்முறையீட்டுச் சபையைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. அந்த வரிக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், வழக்கறிஞர் உண்மையில் சொன்னது உட்பட. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன். செப்டெம்பர் மாதம், பொலிஸ் வருமுன் தானாகவே போய்விட்டார். போகும்போது மகளுக்கு மட்டும் கை காட்டினார். இரண்டு வருடத்தில் யுத்தம் திரும்ப வந்தது, பாதை மூடியது. அதன்பின் வீட்டில் தொலைபேசி அடித்தால் மூன்றாம் மணிவரை நான் எடுக்கமாட்டேன். என்ன செய்தி வரும் என்று பயம்.

அவர் உயிரோடு இருக்கிறார். யுத்தம் முடிந்தபின், இந்த வருடம் ஒக்டோபரில், அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே தொலைபேசியை வாங்கினார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவருடைய குரல். மகள் எந்த வகுப்பு, பனி தொடங்கிவிட்டதா என்று கேட்டார். 'நீர்' என்றுதான் கதைத்தார். நான் இதை எழுத நினைத்திருப்பதைச் சொன்னேன். இந்த முறை கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

"உங்கடை அந்தக் கொப்பியைப் பற்றி எழுதட்டோ, அத்தான்?"

தொலைபேசியில் காற்று இரைந்தது. யாரோ பக்கத்தில் நடந்து போகும் சத்தம். அது கடந்து போகும்வரை அவர் பேசவில்லை.

"எந்தக் கொப்பி, தம்பி?"

"சி.ஆர். கொப்பி. பள்ளிக்கூடத்து..."

"என்னட்டை அப்பிடி ஒரு கொப்பியும் இருக்கேல்லை. உமக்கு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம்." பிறகு, மெல்ல, "எழுதுறதெண்டா அதையும் சேத்து எழுதும்," என்றார்.

சேர்த்து எழுதியிருக்கிறேன். அன்று காட்டுக்கு மேல் நின்றது என்ன என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடுவதையும் விட்டுவிட்டேன். பழைய இராணுவக் கோப்புகளைப் பற்றிப் படிக்கும்போது, 'கண்டவர் பின்னர் மறுத்துவிட்டார்' என்று வந்தால் முன்பெல்லாம் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். இப்போது அந்த வரியில் நின்றுவிடுகிறேன். என்னுடைய குறிப்புகளில் நான் வைத்திருக்கும் விதி, வீட்டாரல்லாத ஒருவராவது சொல்லாத எதையும் நடந்தது என்று எழுதுவதில்லை. அந்த விதிப்படி, 2009 டிசம்பரில், நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்: நீலக் கோடு போட்ட, ஐந்து வருட விமானங்கள் எழுதிய ஒரு கொப்பி எங்கள் வீட்டில் இருந்தது என்று நான் சொல்கிறேன், அதை எழுதியவர் இல்லை என்கிறார், உறுதிப்படுத்தப்படவில்லை.